சென்னை-5 முதல் 600005 வரை: ஒரு டைரக்டரியின் கதை

மலர்க் குழு நண்பர் போனில் கூப்பிட்டு, "நீ கம்ப்யூட்டர் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா. ஆனா பசங்களுக்கும் புரியணும், நம்ம செட் ஆளுங்களுக்கும் புரியணும்" என்றார். முதலாவது சுலபம், இரண்டாவதுதான் கஷ்டம். யோசித்துப் பார்த்ததில், நான் வேலையில் கற்ற முக்கியமான பாடத்தைத் திருவல்லிக்கேணியில் ஏற்கெனவே ஒரு தடவை கற்றிருந்தேன் என்று தோன்றியது. எனவே அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

படிப்பு முடிந்ததும் நம்மில் பலரைப் போல நானும் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் குடியேறினேன். ஒரு அறையில் மூன்று பேர். அந்த மேன்ஷன் மேனேஜரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவரிடம் நீளமான நோட்டு ஒன்று இருந்தது. அறை எண், பேர், சொந்த ஊர், வேலை பார்க்கும் இடம் எல்லாம் அதில் இருக்கும். ஒருவர் காலி செய்து போனால் அண்ணாச்சி அந்தப் பேரை அடிக்க மாட்டார். பக்கத்தில் புது முகவரியைப் பென்சிலால் எழுதி வைப்பார். போய் இரண்டு வருஷமான ஆளுக்கு இன்டர்வியூ கடிதம் வந்தாலும் அதைத் திருப்பி அனுப்ப மாட்டார். முகவரியை மாற்றி எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிடுவார்.

"போனவன் போயிட்டான், அவன் பேருக்கு வர்ற கடுதாசி போகலையே தம்பி" என்பார்.

அவருடைய நோட்டுக்குக் கம்ப்யூட்டர் உலகத்தில் டைரக்டரி என்று பெயர். யார் யார் இருக்கிறார்கள், எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்று எழுதி வைத்திருக்கும் ஏடு. அதைப் புதுப்பிக்கும்போது பழைய பேருக்கு வரும் கடிதம் என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நம் பேட்டையில் பழைய பேரும் புதுப் பேரும் பக்கத்துப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது உங்களுக்குத் தெரியும். பைகிராப்ட்ஸ் ரோடு பாரதி சாலை ஆயிற்று. பழைய புத்தகம் தேடிப் போகிறவர்கள் இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடு என்றுதான் ஆட்டோக்காரரிடம் சொல்கிறார்கள். டிரிப்ளிக்கேன் ஹை ரோடு காயிதே மில்லத் சாலை ஆயிற்று. 1840-களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டிடம், 1897-ல் விவேகானந்தர் தங்கியதால் பின்னால் விவேகானந்தர் இல்லம் ஆயிற்று. பஸ்ஸில் ஏறினால் "ஒரு ஐஸ் ஹவுஸ்" என்றுதான் டிக்கெட் கேட்போம். கண்டக்டரும் கொடுப்பார்.

எனக்குப் பிடித்த உதாரணம் தபால் இலாகாவுடையது. 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தது. அதற்கு முன்பு திருவல்லிக்கேணி என்றால் சென்னை-5, மயிலாப்பூர் சென்னை-4, தியாகராய நகர் சென்னை-17, அடையாறு சென்னை-20. பின்கோடு வந்தபோது திருவல்லிக்கேணிக்கு 600005, மயிலாப்பூருக்கு 600004, தி.நகருக்கு 600017, அடையாறுக்கு 600020 என்று கொடுத்தார்கள். கவனித்தீர்களா? பழைய எண் புது எண்ணின் வாலில் அப்படியே இருக்கிறது. 'சென்னை-5' என்று மட்டும் எழுதிப் போட்ட கார்டும் வந்து சேர்ந்தது, 600005 என்று எழுதியதும் வந்து சேர்ந்தது. சனங்களிடம் "பழசை மறந்துடுங்க" என்று சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரு டைரக்டரியை எப்படிப் புதுப்பிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம்.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் ஆரம்பத்திலும் நம் ஊர் அலுவலகங்களில் நெட்வொர்க் என்றால் நாவெல் நெட்வேர். அதில் பயனாளர் பட்டியலுக்கு 'பைண்டரி' என்று பெயர். ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனி பைண்டரி. மூன்று சர்வர் இருந்தால் ஒரே ஆளை மூன்று இடத்தில் பதிய வேண்டும், மூன்று பாஸ்வேர்டு. மூன்று மேன்ஷனில் மூன்று நோட்டு மாதிரி. 1993-ல் நெட்வேர் 4 வந்தபோது, எல்லா சர்வருக்கும் பொதுவான ஒரே டைரக்டரியை நாவெல் கொண்டுவந்தது.

அதே 1993-ல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் என்.டி. 3.1-ஐ வெளியிட்டது. அதில் 'டொமைன்' என்ற ஏற்பாடு. ஒரு டொமைனுக்கு ஒரு தலைமைக் கன்ட்ரோலர். நோட்டில் எழுதும் உரிமை அதற்கு மட்டும். மற்றவை எல்லாம் பிரதி வைத்திருக்கும் துணைக் கன்ட்ரோலர்கள். 1996-ல் என்.டி. 4.0 வந்தது. மெட்ராஸ் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆன வருஷமும் அதுதான்!

டொமைனில் ஒவ்வொரு ஆளுக்கும் பேரைத் தவிர நீளமான ஒரு எண் உண்டு. அதை 'சிட்' என்பார்கள். இந்த ஃபைலை இன்னார் திறக்கலாம் என்று கம்ப்யூட்டர் எழுதி வைக்கும்போது அந்த எண்ணைத்தான் எழுதிக்கொள்ளும். உங்கள் பேரை மாற்றினாலும் எண் மாறாது, கதவும் திறக்கும். சென்ட்ரல் ஸ்டேஷனின் ரயில்வே குறியீடு எம்.ஏ.எஸ். மெட்ராஸ் சென்ட்ரல் சென்னை சென்ட்ரல் ஆயிற்று, 2019-ல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ஆர். பேரும் சேர்ந்தது, குறியீடு மட்டும் எம்.ஏ.எஸ்.தான். விமான நிலையத்துக்கு இன்றும் எம்.ஏ.ஏ. மனிதனுக்குப் பேர், இயந்திரத்துக்கு எண்.

ஒரு டொமைன் ஆள் இன்னொரு டொமைனுக்குள் போக வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே 'டிரஸ்ட்' என்ற உறவு வேண்டும். நல்ல சொல், நம்பிக்கை. ஆனால் அது ஒருவழிப் பாதை. நம் கல்லூரி அடையாள அட்டையைப் பார்த்து வேறொரு நூலகம் நம்மை உள்ளே விட்டால், நூலகம் நம்புகிறது, கல்லூரி நம்பப்படுகிறது. அதற்காக நூலக அட்டையைக் காட்டி நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிட முடியாது. அதற்குத் தனியாக இன்னொரு நம்பிக்கை வேண்டும். தவிர, என்.டி.யில் நண்பனின் நண்பன் நமக்கு நண்பன் ஆக மாட்டான். ஐந்து டொமைன்கள் எல்லாம் ஒன்றையொன்று நம்ப வேண்டுமானால் இருபது உறவுகளைக் கையால் கட்ட வேண்டும்.

2000 பிப்ரவரி 17-ல் விண்டோஸ் 2000 வந்தது. அதோடு 'ஆக்டிவ் டைரக்டரி'யும் வந்தது. அதன் உறுப்புகள் புதியவை அல்ல. டைரக்டரி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்த எக்ஸ்.500 தரம் 1988-லேயே வந்துவிட்டது. அதை எளிமையாக்கி மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் எல்டாப் என்ற முறையைச் செய்தார்கள். கடவுச்சொல்லை வயரில் அனுப்பாமலே ஆளை அடையாளம் காணும் கெர்பெராஸ், எம்.ஐ.டி.யில் எண்பதுகளில் நடந்த அதீனா திட்டத்தில் பிறந்தது. இவற்றை எல்லாம் கோத்து, இணையத்தின் டாட் வைத்த பெயர் முறையையும் சேர்த்து ஒரே மரமாகக் கட்டினார்கள். ஒரு மரத்துக்குள் நம்பிக்கை இருவழி. நண்பனின் நண்பனும் நண்பன். பல டொமைன் மரங்கள் சேர்ந்தால் காடு, நிஜமாகவே 'ஃபாரஸ்ட்' என்றுதான் பேர்!

ஆனால் உலகம் முழுக்க அலுவலகங்களில் என்.டி. டொமைன்கள் கிடந்தனவே, அவற்றை என்ன செய்வது? இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, இருக்கிற வீட்டையே இடித்துக் கட்டுவது. தலைமைக் கன்ட்ரோலரை முதலில் புதுப்பிப்பது, துணைகளைப் பிறகு. இந்த வழியில் போகிறவர்கள் ஒரு துணைக் கன்ட்ரோலரின் பிரதியைச் சரிபார்த்து, அணைத்து, பூட்டி வைத்துவிடுவார்கள். ஏதாவது விபரீதம் என்றால் அதை எழுப்பிப் பழைய நிலைக்குத் திரும்பலாம். இரண்டாவது வழி, பக்கத்து மனையில் புது வீடு கட்டி, நடுவில் ஒரு நம்பிக்கைப் பாலம் போட்டு, ஆட்களை ஒவ்வொருவராகக் குடிமாற்றுவது.

நான் வேலை பார்த்த கம்பெனியில் 2002-ல் இரண்டாவது வழியில் போனோம். மவுண்ட் ரோட்டில் தலைமை அலுவலகம், ஊருக்கு வெளியே தொழிற்சாலை. ஆளுக்கொரு என்.டி. டொமைன். தலைமை அலுவலகத்துக்கு ஆக்டிவ் டைரக்டரியில் புது வீடு. தொழிற்சாலையைத் தொட முடியாது. அங்கே ஓடிய சம்பளப் புரோகிராமை எழுதிக் கொடுத்தவர்கள் கடையையே மூடிவிட்டார்கள். புது சர்வரில் அது ஓடவில்லை. ஆக, புது டைரக்டரி ஒரு பக்கம், பழைய டொமைன் ஒரு பக்கம். நடுவில் தொடர்பு அறாமல் இருக்க வேண்டும்.

என் மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. "பழசை எதுக்கு சார் கட்டி இழுக்கணும்? ஒரே ராத்திரியில வெட்டி விட்டா அவங்களே பழகிக்குவாங்க" என்றார். சூபரிண்டெண்ட் ஒருவர், ரிடையர் ஆக எட்டு மாசம் இருந்தது, என் காதருகே வந்து, "தம்பி, யாரை வேணா மாத்து. என்னைக் கடைசியா மாத்து" என்றார். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். பாவி நான்.

முதலில் பாலமே கட்ட முடியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே பாஸ்வேர்டைக் கொடுத்தும் 'டொமைன் கன்ட்ரோலர் கிடைக்கவில்லை' என்றே வந்தது. இரண்டு நாள் தலையை உடைத்துக்கொண்டோம். விஷயம் என்னவென்றால், அடுத்த நெட்வொர்க்கில் இருக்கும் தலைமைக் கன்ட்ரோலரைக் காட்ட எல்எம்ஹோஸ்ட்ஸ் என்ற சாதாரண ஃபைலில் ஒரு வரி எழுத வேண்டும். மேற்கோள் குறிகளுக்குள் டொமைன் பேர், அது பதினைந்து எழுத்தை எட்டும்வரை காலி இடம், பிறகு ஐந்து எழுத்தில் ஒரு குறியீடு. மொத்தம் இருபது. நான் ஒரு காலி இடம் குறைவாக விட்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு காலி இடம்! அதைச் சேர்த்ததும் பாலம் நின்றது.

அடுத்து, கணக்குப் பிரிவில் பன்னிரண்டு பேரைப் புது டைரக்டரிக்கு மாற்றினோம். எல்லோரும் ஜம்மென்று உள்ளே வந்தார்கள். மெயில் வந்தது, பிரிண்டர் ஓடியது. மேலதிகாரி காபி வாங்கிக் கொடுத்தார். மறுநாள் தொழிற்சாலையின் சம்பள ஃபோல்டரைத் திறந்தால் 'அனுமதி இல்லை'. பன்னிரண்டு பேருக்கும்.

காரணம் நான் மேலே சொன்ன எண்தான். புது வீட்டில் அவர்களுக்குப் புது சிட். சம்பள ஃபோல்டரின் கதவில் எழுதியிருந்தது பழைய சிட். பேர் அதே பேர், ஆள் அதே ஆள். கதவு எண்ணைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது.

தேதி மாசம் நாலு. ஆயிரம் பேருக்குக் குறைவான தொழிற்சாலை என்றால் ஏழாம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது அப்போது அமலில் இருந்த 1936-ஆம் வருஷச் சட்டம். சட்டத்தை விடுங்கள், பால்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் ஏழாம் தேதி சொல்லி வைத்த குடும்பங்கள் அங்கே இருந்தன. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

யார் காப்பாற்றினார் என்று ஊகித்திருப்பீர்கள். "என்னைக் கடைசியா மாத்து" என்றாரே, அவர் இன்னும் பழைய டொமைனில்தான் இருந்தார். பன்னிரண்டு பேர் செய்கிற வேலையை இரண்டு நாள் அவர் ஒருவரே உட்கார்ந்து, ஒரு டம்ளர் மோரை வைத்துக்கொண்டு, முடித்துக் கொடுத்தார். ஆறாம் தேதி சம்பளம் போயிற்று. ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. "முப்பது வருஷத்துல மூணு தடவை மெஷின் மாத்தியிருக்காங்க தம்பி. மூணு தடவையும் முதல் மாசம் ஏதாவது விட்டுப் போகும்" என்றார், அவ்வளவுதான்.

மருந்து அந்த மென்பொருளிலேயே இருந்தது. ஒருவரைக் குடிமாற்றும்போது அவருடைய பழைய எண்ணையும் புதுக் கணக்கோடு சேர்த்து எழுதிக்கொள்ளலாம். அதற்கு 'சிட் ஹிஸ்டரி' என்று பேர். புது எண்ணும் செல்லும், பழைய எண்ணும் செல்லும். 600005-ன் வாலில் இருக்கும் அந்த 5-தான் இது! ஆனால் அதற்குப் புது டொமைனை 'நேட்டிவ் மோட்' என்ற நிலைக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் திரும்ப முடியாது. அந்தப் பயத்தில்தான் நாங்கள் அதைத் தள்ளிப் போட்டிருந்தோம். அடுத்த வாரம் மாற்றினோம், ஆட்களை மறுபடி குடிமாற்றினோம், கதவுகள் திறந்தன. சூபரிண்டெண்ட் சாரைச் சொன்னபடி கடைசியாக மாற்றினேன்.

இத்தோடு முடித்தால் பழசே பெரிசு என்று நான் சொல்வதாக ஆகிவிடும். கதையில் இன்னொரு பாதி இருக்கிறது.

என்.டி. 4.0-வுக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2004 டிசம்பர் 31-ல் முடிந்தது. அதற்குள் தொழிற்சாலைக்குப் புதுச் சம்பளப் புரோகிராம் வந்துவிட்டது. பாலம் தேவையில்லை. ஆனால் யாரும் அதைக் கழற்றவில்லை. நானும்தான். வேலை செய்கிற ஒன்றை யார் நினைக்கிறார்கள்? வெகுநாள் கழித்து ஒரு தணிக்கையில், எப்போதோ வேலையை விட்டுப் போனவரின் பழைய எண் இன்னும் ஒரு கதவைத் திறந்துகொண்டிருந்தது தெரிந்தது. நல்லவேளை, யாரும் நுழையவில்லை. பழைய டொமைனோடு பேசுவதற்காக விட்டு வைத்த என்.டி.எல்.எம். என்ற பழைய அடையாளச் சோதனை முறையும் கெர்பெராஸைவிடப் பலவீனமானது. நன்றிக்காகத் திறந்து வைத்த கதவு திருடனுக்கும் திறந்த கதவுதான். அண்ணாச்சி பென்சிலால் எழுதியதன் சூட்சுமம் அன்றுதான் புரிந்தது. பென்சில் எழுத்தை ஒருநாள் அழிக்கலாம்.

இந்த அனுபவம் எங்கள் கம்பெனியோடு நிற்கவில்லை. நம் ஊர் இணைய வரலாறே இதுதான். 1986-ல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் முதலில் சேர்ந்த எட்டு நிறுவனங்களில் கிண்டி ஐ.ஐ.டி.யும் ஒன்று. தொண்ணூறுகளில் அங்கே இருப்பவர்களுக்கு மெயில் போட்டால் முகவரி 'ஐஐடிஎம் டாட் எர்நெட் டாட் இன்' என்று முடியும். பிறகு 'ஐஐடிஎம் டாட் ஏசி டாட் இன்' ஆயிற்று. 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தபோது நம் ஊர்க்காரர்களின் முகவரியில் 'எம்டி' என்று இரண்டு எழுத்து இருக்கும். மெட்ராஸின் எம்டி. அடுத்த வருஷம் ஊர் சென்னை ஆயிற்று, எம்டி பல காலம் விசிட்டிங் கார்டுகளில் இருந்தது. 2002-ல் டாடா குழுமம் வி.எஸ்.என்.எல்.லை வாங்கியது, 2008-ல் நிறுவனத்தின் பேரே மாறியது. அந்த முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு நான் தொலைத்த நண்பர்கள் நாலைந்து பேர் உண்டு.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வேலைக்குப் போகும் இடத்தில் டைரக்டரி பெரும்பாலும் மேகத்தில் இருக்கும். அங்கேயும் பேர் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 'அஷ்யூர் ஆக்டிவ் டைரக்டரி' 2023-ல் 'என்ட்ரா ஐடி' ஆயிற்று. அதன் பின்னால், அலுவலக அறையில், இருபது வருஷத்துக்கு முன் யாரோ கட்டிய டொமைன் ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம். அதைப் பார்த்ததும் சிரிக்காதீர்கள், வெட்டவும் வெட்டாதீர்கள். யாருடைய சம்பளம் அதன் வழியாகப் போகிறது என்று முதலில் கேளுங்கள். பாலம் போடுங்கள். போட்ட அன்றைக்கே அதை எந்தத் தேதியில் கழற்றப் போகிறீர்கள் என்றும், யார் கழற்ற வேண்டும் என்றும் எழுதி வையுங்கள். நான் செய்யாமல் விட்டது அந்தக் கடைசி வேலைதான்.

பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் புதுப்பிக்கப் படிவம் கொடுக்கிறார்கள். அதில் புது முகவரியையும் செல்போன் எண்ணையும் எழுதுவதோடு, 'பழைய முகவரி' என்று ஒரு வரி சேர்த்து, ஹாஸ்டல் அறை எண்ணோ மேன்ஷன் பேரோ எழுதுங்கள். நம்மைத் தேடுகிறவர்கள் பலருக்கு நம்மை அந்த எண்ணில்தான் தெரியும். போன சந்திப்பில் என்னைப் பார்த்ததும் ஒருவருக்குப் பேர் நினைவுக்கு வரவில்லை. "நீ... ரூம் நம்பர் 23 தானே?" என்று கட்டிக்கொண்டார்.

ஆமாம், 23-தான். அது இன்னும் செல்லுபடியாகிறது.